நாய் பூனைகளுக்கும் புற்றுநோய் வரும்



சிம்பாங் ரெங்கம் வட்டாரத் தோட்டங்களில் லயத்துக்கு லயம் நாய்கள் உண்டு. இரவில் காவல் காப்பவை அவை. விடியற்காலையில் வேலைக்குப் போகிறவரோடு பெரட்டுக்களம்வரை ஓடி வருபவையும் அவையே. அத்தகைய நாய் ஒன்றின் பின்புறத்திலிருந்து சொட்டுச் சொட்டாக இரத்தம் வடியத் தொடங்கினால் நாம் என்ன செய்கிறோம்? "சீக்கு நாய், பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும்" என்று விரட்டிவிடுகிறோம். இது சரிதானா என்று இன்று பார்ப்போம்.

பெண் நாய்க்குப் பருவ காலத்தில் இரத்தம் வருவது இயல்பே. பருவம் கடந்தும் நில்லாமல் வடிந்தால், பிறப்புறுப்பில் காலிபிளவர் போன்ற சதை வளர்ந்திருந்தால், அது நாய்களுக்கே உரிய ஒருவகைப் புற்றுநோயாக இருக்கலாம். ஆண் நாய்க்கும் இது வரும். புற்றுநோய் பொதுவாக ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒட்டுவதில்லை. இதுவோ விதிவிலக்கு. இணை சேரும்போதும், நக்கும்போதும், முகரும்போதும் நோயுற்ற நாயின் புற்று உயிரணுக்களே அடுத்த நாயின் உடலில் விதைபோல் விழுந்து வளர்கின்றன. 1876-ல் நொவின்ஸ்கி என்னும் ரஷ்யக் கால்நடை மருத்துவர், ஒரு நாயின் கட்டியை மற்றொரு நாயின் உடலில் வைத்து வளரச் செய்து காட்டினார். ஆனால் இந்நோய் மனிதருக்கு ஒட்டாது. ஆகவே பிள்ளைகளை எண்ணி நாயை விரட்ட வேண்டியதில்லை. விரட்டப்பட்ட நாய்தான் ஊர் நாய்களுக்கெல்லாம் நோயைப் பரப்பும்.

இதற்கு நல்ல மருந்தும் உண்டு. நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரித்தெடுத்த வின்கிரிஸ்டின் என்பதே அது. வாரம் ஓர் ஊசியாகச் சில வாரங்கள் போட்டால் பெரும்பாலான நாய்கள் முற்றிலும் குணமடைகின்றன. வீட்டிலேயே அச்செடியைக் கஷாயம் வைத்துக் கொடுக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கூடவே கூடாது, அது நஞ்சு. கால்நடை மருத்துவர் எடை பார்த்து, அளவறிந்து போடவேண்டிய மருந்து அது.

அடுத்தது மடிக்கட்டி. பெண் நாய்களுக்கு மிகுதியாக வரும் புற்று இது. கருத்தடை செய்யாத நாய்களைவிட, முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்த நாய்களுக்கு இது மிகமிகக் குறைவு என்று 1969-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு கூறியது. அந்தக் கணக்கின் அளவைப் பற்றிப் பின்னர் வந்தவர்கள் ஐயம் எழுப்பினாலும், கருத்தடை செய்த நாய் தெருவில் இணை தேடி அலையாது. முன்சொன்ன ஒட்டுநோயும் அதனை அண்டுவது அரிது. பூனையின் மடிக்கட்டியோ பெரும்பாலும் கொடியதே. சிறு கட்டிதானே என்று காத்திருக்கலாகாது.

வெள்ளைப் பூனைகளின் காது நுனி வெயிலில் புண்ணாகிப் புற்றாக மாறுவதுண்டு. உச்சிவேளையில் அவற்றை நிழலில் வையுங்கள். செம்பனையில் களைக்கொல்லி அடித்த இடத்துக்கு, ஈரம் காயும்வரை நாயைக் கொண்டு போகாதீர்கள்.

மாதம் ஒருமுறை, சம்பள நாளன்று என்றே வைத்துக்கொள்வோமே, நம் நாய் பூனையின் உடல் முழுவதையும் கையால் தடவிப் பார்ப்போம். புதிய கட்டி, ஆறாத புண், காரணமில்லா மெலிவு, இவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுவோம். வாயில்லாத அந்தப் பிராணி தன் வலியைச் சொல்லாது. நம் கைதான் அதைக் கண்டறிய வேண்டும்.