ஊர்ப்படம் வரைவோர் யார்?

கடந்த மழைக்காலத்தில் ஓர் இரவு, மட்டாஞ்சேரியில் நாம் குடியிருக்கும் சந்தில் முதியவர் ஒருவருக்கு மூச்சுத் திணறல் கண்டது. அழைத்தவுடன் ஆம்புலன்ஸ் புறப்பட்டுவிட்டது. ஆயினும் வீடு வந்து சேரவில்லை. ஓட்டுநரின் கைப்பேசிப் படத்தில் நம் சந்து பின்தெருவோடு இணைந்திருந்ததாம். மெய்யாக அங்கே நிற்பதோ பழைய கிடங்கொன்றின் சுவர். சுவருக்கு அப்பால் வண்டி நிற்க, இப்பால் நாம் தவித்து நின்றோம். அண்டை வீட்டுப் பிள்ளைகள் மழையில் ஓடிச் சுற்றி அழைத்து வந்தார்கள். பெரியவர் பிழைத்தார். அது படத்தின் புண்ணியத்தால் அன்று, பிள்ளைகளின் கால்களால்.

அன்று முதல், இத்தகைய படங்கள் எவ்வாறு உண்டாகின்றன என்று விசாரிக்கலானோம். அறிந்தவற்றுள் சிலவற்றை அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

2004-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கிய 'ஓபன் ஸ்ட்ரீட் மேப்' என்னும் உலகப்படம் பெரும்பாலும் தொண்டர்களால் வரையப்படுவது. எவரும் சேர்க்கலாம்; எவரும் திருத்தலாம்; எவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம். அதற்கு விவரம் வந்து சேரும் வழிகள் பல. அவற்றுள் ஒன்றோடொன்று வழக்காடுபவை இரண்டு. தொண்டர் தெருவில் நடந்து கண்டதைக் குறிப்பது ஒன்று. அரசோ நிறுவனமோ முன்பே தொகுத்து வைத்ததை மொத்தமாக ஏற்றிவிடுவது மற்றொன்று.

மொத்தமாக ஏற்றுவதன் பயனை மறுப்பதற்கில்லை. 2007-இல் நெதர்லாந்து நிறுவனமொன்று தன் நாட்டுச் சாலைகள் அனைத்தையும், இந்தியா, சீனா ஆகியவற்றின் முக்கியச் சாலைகளையும் நன்கொடையாக அளித்தது. நடந்து அளந்தால் பல்லாண்டு ஆகக்கூடிய வேலை விரைவில் முடிந்தது.

அமெரிக்காவின் கதை வேறு. 2007, 2008-ஆம் ஆண்டுகளில் அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்குத் துறையின் 'டைகர்' என்னும் சாலைத் தொகுப்பு ஏற்றப்பட்டது. கணக்கெடுப்போரின் உபயோகத்திற்கென்று செய்யப்பட்ட தொகுப்பு அது. ஆகவே பல சாலைகள் இடம் விலகியும், இல்லாத வழிகள் இருப்பன போலவும் விழுந்தன. திருத்தும் பணி ஆண்டுக்கணக்கில் நீண்டது. இன்னொரு நட்டமும் உண்டென்பர் சிலர். வெற்றுத் தாளைக் கண்டவனுக்கு எழுதத் தோன்றும். நிரம்பிய தாளைக் கண்டவன் வேலை முடிந்ததென்று போய்விடுவான்.

ரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு இது புதிதன்று. நூறு மூட்டை ஒரே சீட்டில் வந்து இறங்கும். எண்ணாமல் கையொப்பமிட்டால் வேலை அரை மணியில் முடியும். குறைவு வெளிப்படும் நாளிலோ பொறுப்பு நம் தலையில் விடியும். அதற்காக மொத்தச் சரக்கே வேண்டாமென்று எந்த நிலையமும் சொல்வதில்லை. எண்ணி எடு என்பதே விதி. அப்படத் தொண்டர்களும் இத்தகைய விதியையே வகுத்துள்ளனர்: உரியவரின் அனுமதி வேண்டும், ஏற்றுமுன் அவ்வூர்த் தொண்டரைக் கலந்துகொள்ள வேண்டும், நடந்து கண்டு வரைந்ததை அழித்தலாகாது.

அளவையில் பொறுமை எத்துணை வேண்டும் என்பதற்குச் சான்று தமிழ்நாட்டிலேயே உண்டு. 1802-இல் லாம்டன் என்பவர் சென்னைப் பரங்கிமலை அருகே சுமார் 7½ மைல் நீளமுள்ள ஒரு கோட்டைச் சங்கிலியால் அளந்த பின்னரே இந்தியப் பெருநில அளவை தொடங்கிற்று. அடிக்கோடு பிழைத்தால் அதன்மேல் எழும் முக்கோணங்கள் அனைத்தும் பிழைக்குமன்றோ?

நிற்க. 2018 ஆகஸ்டு வெள்ளத்தின்போது தொண்டர்கள் பலர் செயற்கைக்கோள் காட்சிகளைப் பார்த்துக் கேரளத்தின் வீடுகளையும் பாதைகளையும் வரைந்தனர். 2019-இல் மாநில அரசே 'மேப்பத்தான் கேரளம்' என்று மக்களை இப்பணிக்கு அழைத்தது. போற்றத்தக்க செயல்களே. ஆயினும் வானிலிருந்து கூரை தெரியும், பெயர் தெரியாது. மட்டாஞ்சேரியில் ஓட்டுக்கூரைகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் இடங்களில் சந்தே தெரியாது. சுவரா, வழியா என்பதும் தெரியாது. அதனை அறிந்தவர் அங்கே குடியிருப்பவரே.

அந்தக் குடியிருப்பவர் நாம்தாம். பஜார் வீதியின் கிடங்குச் சந்துகளும், செர்லாய்த் தெருக்களும், வெளியில் உள்ள சலவைத் துறையின் சுற்றுப்புறமும் நம்மவர் தலைமுறைகளாக நடந்து பழகியவை. அப்படத்தில் ஓரிடத்திற்கு மலையாளப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் பதிய வசதியுண்டு. ஞாயிறுதோறும் இளைஞர் இருவர், கைப்பேசியுடன் ஒரு தெரு நடந்தால் போதும். வண்டி எதுவரை வரும், எங்கே படி, எங்கே சுவர் என்று குறிக்கட்டும். வேறு படங்களைப் பார்த்து எழுதுதல் கூடாது. வீட்டாரின் பெயர்களையும் குறிக்க வேண்டா.

நாமும் சென்ற மாதம் நம் சந்தை நடந்து பார்த்தோம். முடிவில் நிற்கும் சுவரை முதலில் குறித்தோம். இனி வரும் வண்டியேனும் நம் வாசலுக்கு நேரே வரட்டும்.