சொரசொரப்பான தோல்: பரம்பரையா, சாப்பாடா?

மேற்கையின் பின்புறத்தைத் தடவினால் உப்புத்தாள் போல நரநரவென்று இருக்கிறது. வலியில்லை; அரிப்பும் பெரும்பாலும் இல்லை. தூத்துக்குடி போன்ற ஊரில் இதற்கு உப்புக் காற்றின் மேல் பழி போடுவது சுலபம். உண்மையில் கடற்காற்றின் ஈரம் இந்தத் தோலுக்கு அனுகூலம்தான். காற்று வறளும் நாட்களில்தான் இது கூடுகிறது.

மருத்துவர்கள் வைத்த பெயர் கெரடோசிஸ் பைலாரிஸ். மயிர்க்காலின் வாயில் கெரட்டின் என்ற புரதம் திரண்டு அடைத்துக்கொள்கிறது. உள்ளே முடி சுருண்டு கிடப்பதும் உண்டு. வளரிளம் பருவத்தினரில் பாதிப் பேருக்கு மேலும், பெரியவர்களில் சுமார் 40 சதவீதத்தினருக்கும் இது இருப்பதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. பெரும்பாலும் குடும்பவழியாக வருவது, ஒட்டுவாரொட்டி அல்ல. உப்பளத் தொழிலாளரின் பாதம் தடித்து வெடிப்பது முற்றிலும் வேறு: உள்ளங்காலில் மயிர்க்காலே கிடையாது.

ஆனால் ஏறத்தாழ இதே தோற்றத்தில் இன்னொன்று உண்டு. அதன் கதை மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில் தொடங்குகிறது. கொழும்பில் பணியாற்றிய மருத்துவர் லூசியஸ் நிக்கோல்ஸ் 1933-இல் ‘இந்தியன் மெடிக்கல் கெஜட்’ இதழில் அதற்கு ‘ஃப்ரைனோடெர்மா’, அதாவது தேரைத்தோல், என்று பெயரிட்டு, வைட்டமின் குறைவே காரணம் என்றார். வைட்டமின் ஏ என்று பலரும் நம்பினார்கள். விஷயம் அத்தனை எளிதாக முடியவில்லை. 1967-இல் ஹைதராபாத் ஆய்வாளர்கள் அத்தியாவசியக் கொழுப்பு அமிலங்களின் குறைவையும் சுட்டிக்காட்டினார்கள். இன்று பி வைட்டமின்களும் பட்டியலில் இருக்கின்றன.

இடத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். தேரைத்தோல் முழங்கையிலும் முழங்காலிலும் முள்முள்ளாக எழும். பெரும்பாலும் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு. கூடவே மாலைக்கண் இருந்தால் தாமதிக்கக் கூடாது. மீன் ஈரலும் முருங்கைக்கீரையும் வைட்டமின் ஏ-க்கு உதவும். அத்தியாவசியக் கொழுப்பு அமிலமான லினோலிக் அமிலம் நல்லெண்ணெயில் சுமார் 40 சதவீதம். தேங்காய் எண்ணெயில் 2 சதவீதம் அளவுதான்.

பரம்பரைச் சொரசொரப்புக்கு வைட்டமின் மாத்திரை வாங்கி விழுங்குவது வீண். வைட்டமின் ஏ மிஞ்சினால் ஆபத்தும்கூட, கர்ப்பிணிகளுக்கு முக்கியமாக. பீர்க்கங்கூடு கொண்டு தேய்த்தால் சிவந்து புண்ணாகும். குளித்த ஈரம் காயுமுன் யூரியா அல்லது லாக்டிக் அமிலம் கலந்த களிம்பைத் தடவினால் சில வாரங்களில் தோல் மிருதுவாகும். நிறுத்தினால் பழையபடி திரும்பும். முப்பது வயதை ஒட்டிப் பலருக்குத் தானாகவே குறைகிறது.