மூன்றாம் நாளே கதவைத் தட்டுங்கள்

புதுக்கோட்டை மாவட்ட அரசுப் பள்ளிகளில் காலையில் ஆசிரியர்கள் ‘எமிஸ்’ என்னும் கல்வித் தகவல் செயலியில் வருகை பதிகிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி எண் உண்டு. இன்று யார் வரவில்லை என்பது சென்னைவரை தெரிந்துவிடும். பள்ளியை விட்டு விலகிய பிள்ளையின் பெயர், வேறு பள்ளி சேர்த்துக்கொள்ளும்வரை ‘காமன் பூல்’ பட்டியலில் இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு 2023 மார்ச் 13 அன்று பிளஸ் டூ மொழித்தாள் எழுத, மாநிலம் முழுக்கச் சுமார் 50 ஆயிரம் பேர் வரவில்லை. அவர்களில் பலர் வகுப்பை விட்டு மாதக்கணக்காகியிருந்தது. பதிவேட்டில் பெயர் மட்டும் நீடித்தது.

தொடர்ந்து 45 நாள் வராவிட்டால்தான் ‘பள்ளி செல்லாக் குழந்தை’ என்கிறது மத்திய அரசின் அளவுகோல். அதற்குள் பையன் கூலி வாங்கிப் பழகிவிடுவான். விட்டுவிட்டு வரும் பிள்ளையோ இந்தக் கணக்கில் சிக்குவதே இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள் தவறினால், 220 வேலைநாளில் 88 நாள் படிப்பு போய்விடும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கு தவறினாலே, இடைவிட்டுத் தவறினாலும், எச்சரிக்கைப் பட்டியலில் சேர்க்கிறார்கள். நமக்கும் அந்தக் கணக்கு வேண்டும்.

காரணம் வீட்டுக்கு வீடு மாறும். ஒரு வீட்டில் பூப்பறிக்க ஆள் போதாது. இன்னொன்றில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள யாருமில்லை. மற்றொரு குடும்பம் பிழைப்புக்காகத் திருப்பூர் போயிருக்கும். பசி காரணமானால் அதற்கு மருந்து கிடைத்திருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தை மாநிலத் திட்டக் குழு ஆராய்ந்தபோது, 1,543 பள்ளிகளில் 1,319-ல் வருகை கூடியிருந்தது. மற்ற காரணங்களை நேரில் போய்க் கேட்டால்தான் அறியலாம்.

அப்படிப் போய்க் கேட்ட மண் புதுக்கோட்டை. 1991-ல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் வேரூன்றிய அறிவொளி இயக்கம், கல்குவாரிப் பெண்கள் இருந்த இடத்துக்கே எழுத்தைக் கொண்டுபோனது; அவர்களைச் சைக்கிளும் ஓட்டவைத்தது. அம்மாக்களைத் தேடிப் போன மாவட்டம், பிள்ளைகளையும் தேடிப் போக முடியும்.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு பெற்றோர்களே. அதே தெருக்காரர்கள் மூன்றாம் நாளே விசாரித்தால் வீடு வாய் திறக்கும். வருகையின் உண்மைக் கணக்கைக் கொடுத்த தலைமையாசிரியரை அதிகாரிகள் கடிந்துகொண்டால் அடுத்த மாதம் பொய்க் கணக்குதான் வரும். ஆகவே ஆய்வுக் கூட்டங்களில் சதவீதத்தைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: வராத பிள்ளையின் வீட்டுக்கு யார் போனார்கள், அங்கே என்ன தெரிந்தது, அதற்கு என்ன செய்தோம்?