அந்தந்த ஊர்த் தண்ணி!

'தண்ணி' என்ற வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் வைத்த தமிழன் சாமானியப்பட்டவன் இல்லை. பீர் விஷயத்தில் அவன் சொன்னது விஞ்ஞானப்படியே சரி. ஒரு கிளாஸ் பீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். அது எந்த ஊர்த் தண்ணீர் என்பதில்தான் சமாசாரமே இருக்கிறது.

நம் பக்கத்தில் பீர் என்றால் பச்சை பாட்டில், பிரவுன் பாட்டில் என்று இரண்டே ஜாதி. கடையில் கேட்கிற கேள்வியும் ஒன்றே ஒன்று: 'கூலிங் இருக்கா?' ருசியைப் பற்றி எவரும் பேசுவதில்லை. பேச ஒன்றும் இல்லை, அதனால் பேசுவதில்லை! திருச்சியில் திறந்தாலும் மும்பையில் திறந்தாலும் ஒரே மாதிரி இருக்கணும் என்பதுதான் பெரிய கம்பெனிக்காரனின் லட்சியம். இந்தக் கட்சிக்கு நேர் எதிர்க்கட்சி உலகம் பூராவும் இருக்கிறது. சின்னச் சின்ன ஆலைகள். 'கிராஃப்ட் ப்ரூவரி' என்பார்கள். காய்ச்சின இடத்திலேயே ஊற்றிக் கொடுத்தால் 'மைக்ரோ ப்ரூவரி'. வெளியூர் போனால் சிலர் கோயில் பார்க்கிறார்கள், சிலர் ஜவுளி வாங்குகிறார்கள். சிலர் பீர் ஆலை தேடிப் போகிறார்கள். அந்தக் கூட்டத்தில் அடியேன் ஓர் அடிமட்டத் தொண்டன்.

(குடிக்காதவர்கள் உடனே ஜோக் பக்கத்துக்குத் தாவ வேண்டாம். இதில் பாதிக்கு மேல் தண்ணீர், புகை, காற்று, அப்புறம் கொஞ்சம் கணக்கு வழக்குதான்.)

பக்கத்து ஊரிலிருந்தே ஆரம்பிக்கலாம். பெங்களூரு. இந்திரா நகரில் 'டாய்ட்' திறந்தது 2010-ல். மறு வருஷமே விட்டல் மல்லையா ரோடில் 'பியர் கிளப்'. அதற்கப்புறம் மழைக்கு முளைத்த காளான் மாதிரி ஏரியாவுக்கு ஏரியா. உள்ளே போனதும் உட்கார இடம் தேடாதீர்கள். முதலில் டாங்குகளைப் பாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு எவர்சில்வர் டாங்க்குகள் பளபளவென்று நிற்கும்.

வேலை என்னவோ ரொம்பச் சுலபமாகத்தான் தெரிகிறது. முளைகட்டிக் காயவைத்த பார்லியை ரவை மாதிரி உடைத்து, சுமார் 65 டிகிரி சுடுதண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப் போடுகிறார்கள். மாவு சர்க்கரையாகிறது. அந்த இனிப்புக் கஞ்சியை வடித்து, ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைப் போட்டுக் கொதிக்க விடுகிறார்கள். கசப்பு அங்கேதான் ஏறுகிறது. ஆறினதும் ஈஸ்ட்டைப் போட்டு மூடினால் மிச்ச வேலையை அது பார்த்துக்கொள்ளும். 'ஏல்' ரகம் என்றால் இரண்டு மூன்று வாரம். குளிரில் வைத்து வளர்க்கிற 'லாகர்' என்றால் இன்னும் சில வாரம். இட்லி மாவு பொங்குகிற வீட்டில் பிறந்தவனுக்கு இதில் புரியாதது ஒன்றுமே கிடையாது.

டாய்ட்டில் பாஸ்மதி அரிசி போட்டு ஒன்று காய்ச்சுகிறார்கள். பிரியாணிக்கு இல்லாமல் பீருக்குப் போன பாஸ்மதி! பெங்களூரு சிட்டிக்குக் குழாயில் வருவது காவிரித் தண்ணீர் என்பது உங்களுக்குத் தெரியும். நமக்கு வர வேண்டிய டி.எம்.சி.யில் கொஞ்சம் இந்த வழியாகவும் போகிறதோ என்று ஒரு தமிழனுக்குச் சந்தேகம் வருவது நியாயம்தான். ஒரு லிட்டர் பீருக்கு, டாங்க் கழுவ, குளிர வைக்க என்று பல லிட்டர் தண்ணீர் வேறு ஆகிறது. நடுவர் மன்றம் இதைக் கணக்கில் எடுத்த மாதிரி தெரியவில்லை.

விட்டல் மல்லையா ரோடில் ஒரு வேடிக்கை. 1915-ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவில் ஆங்காங்கே இருந்த ஐந்து சின்ன ஆலைகளை ஒன்றாகச் சேர்த்தார். அதில் நம்ம நீலகிரி ஆலையும் ஒன்று. பி.காம். படித்தவர்களுக்கு 'அமால்கமேஷன்' கணக்கு ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கும். அப்படிச் சேர்ந்ததுதான் யுனைடெட் ப்ரூவரீஸ். பிற்பாடு அதை மல்லையா குடும்பம் வாங்கி தேசம் பூரா பரப்பியது. ஐந்து சின்னதை ஒரு பெரிசாக்கிய ஊரில், நூறு வருஷம் கழித்து, அந்தப் பெரிய முதலாளி பெயர் வைத்த ரோடிலேயே மறுபடி சின்னது முளைத்ததைப் பார்த்தால் லீஷ்மன் என்ன சொல்வாரோ!

புனேயில் 2009-லேயே ஆரம்பித்தவர்கள் 'டூலாலி'. பீரைவிடப் பெயர் சுவாரஸ்யம். நாசிக் பக்கத்தில் தேவ்லாலி என்று ஒரு ராணுவ முகாம். சர்வீஸ் முடிந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஊருக்குக் கப்பல் வரும் வரை அங்கே மாதக்கணக்கில் காத்துக் கிடப்பார்களாம். வெயில், காய்ச்சல், வேலை வெட்டி இல்லாமை... சிலருக்கு மறை கழன்றுவிடும். அதிலிருந்து இங்கிலீஷில் 'டூலாலி' என்றால் கிறுக்கு. நம் கீழ்ப்பாக்கம் மாதிரி!

ஆபீஸில் இப்போது க்ளையண்ட் மீட்டிங் என்று ஃப்ராங்க்ஃபர்ட், ப்ராக், பிரஸ்ஸல்ஸ் என்றெல்லாம் அனுப்புகிறார்கள். ஒரு சனி, ஞாயிறை ஒட்ட வைத்துக்கொள்ள மேனேஜர் சம்மதித்தால் பார்க்க வேண்டிய ஊர்கள் மூன்று. தண்ணீருக்கு ஒன்று, புகைக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று.

தண்ணீருக்கு, ப்ராகிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் பில்சன். 1838-ல் அந்த ஊர்க்காரர்கள் பொறுமை இழந்து, கெட்டுப்போன பீர் 36 பீப்பாயை டவுன் ஹால் வாசலில் கொட்டினார்கள். கொள்முதல் விலை கட்டாமல் நடுரோட்டில் பாலைக் கொட்டுகிறார்களே, அந்த மாதிரி ஒரு போராட்டம். மனு கொடுத்தார்களா, மந்திரியைப் பார்த்தார்களா? இல்லை. பீர் காய்ச்சுகிற உரிமை பெற்ற வீட்டுக்காரர்கள் எல்லோரும் கூட்டுச் சேர்ந்து சொந்தமாக ஓர் ஆலையே கட்டிவிட்டார்கள். ஜோசப் க்ரோல் என்ற பவேரியாக்காரரை அழைத்து வந்தார்கள். மனுஷர் மகா முசுடு என்று பேர். ஆனால் 1842 அக்டோபரில் அவர் காய்ச்சியது தங்க நிறத்தில் தகதகவென்று வந்தது. ஊர்த் தண்ணீரில் உப்புச் சத்து மிகக் குறைவு. வெளுப்பான மால்ட், பக்கத்துச் சாட்டெக் ஊர் ஹாப்ஸ் இரண்டோடும் அது பொருந்திப்போனது. இன்றைக்கு உலகத்தில் விற்கிற மஞ்சள் பீரில் பெரும்பாலானவை அதன் வாரிசுகள். நம்ம பச்சை பாட்டில் உட்பட.

ஆலை இப்போது சின்னதில்லை. 2017-ல் ஜப்பானின் அசாஹி கம்பெனி வாங்கிவிட்டது. ஆனாலும் பூமிக்கடியில் இருக்கும் நிலவறைக்கு இறங்கிப் போனால், மரப் பீப்பாயிலிருந்து வடிகட்டாமல் அப்படியே பிடித்துக் கொடுக்கிறார்கள். அது பாட்டிலில் வராது.

புகைக்கு பாம்பெர்க். ஜெர்மனியில் சின்ன ஊர், ஆனால் ஆலைகள் ஏராளம். 'ஷ்லெங்கர்லா' என்ற கடை இருக்கும் வீட்டைப் பற்றி 1405-லேயே பதிவு இருக்கிறதாம். கையைக் காலை ஆட்டி ஆட்டி நடந்த பழைய முதலாளி ஒருவருக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் அது. (நம்மூரில் 'நொண்டி வாத்தியார் கடை' என்கிற மாதிரி.) அந்தக் காலத்தில் ஈர பார்லியை விறகுத் தீயில் நேராகக் காட்டித்தான் காய வைத்தார்கள். அதனால் எல்லா ஊர் பீரிலும் புகை வாசனை அடித்தது. புகை படாமல் காய வைக்க வழி பிறந்ததும் எல்லோரும் மாறிவிட்டார்கள். இங்கே மட்டும் பீச் மர விறகை விடவில்லை. முதல் வாய் குடித்ததும் அடுப்பில் புகை பிடித்த பால் ஞாபகம் வந்து முகம் கோணும். அங்கே உட்கார்ந்திருக்கிற பெரிசுகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். மூன்றாவது கிளாஸில்தான் பிடிக்கும் என்பது உள்ளூர் சித்தாந்தம். எனக்கு இரண்டாவதிலேயே பிடித்துப்போனது.

காற்றுக்கு பிரஸ்ஸல்ஸ். மூன்றில் ஒன்றுதான் போக முடியும் என்றால் யோசிக்காமல் இங்கே போங்கள். மிடி ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், மெக்கானிக் ஷெட் மாதிரி ஒரு கட்டடம். 'காந்தியோன்'. 1900-ல் ஆரம்பித்தது. இவர்கள் ஈஸ்ட்டே போடுவதில்லை! கொதித்த கஞ்சியை மாடிக்கு ஏற்றி, ஆழமில்லாத பெரிய செம்புத் தொட்டியில் ராத்திரி பூரா திறந்து வைக்கிறார்கள். ஊர்க் காற்றில் மிதக்கிற ஈஸ்ட் தானாக வந்து விழுகிறது. மறுநாள் மரப் பீப்பாய்க்கு மாற்றி, ஒரு வருஷம் முதல் மூன்று வருஷம் வரை வைத்திருக்கிறார்கள். ஒட்டடை அடிப்பது கிடையாது. பழ ஈக்களைச் சிலந்தி பிடித்துத் தின்கிறதே, அதற்காக!

பனைமரத்துக் கலயத்தில் பதநீர் தானாகக் கள்ளாகிற சூட்சுமம்தான் இது. நாம் அதை 1987 முதல் தடை செய்துவிட்டோம். அவர்கள் மியூசியம் வைத்துவிட்டார்கள்.

மியூசியம் என்றதும்தான் கணக்குப் பிள்ளை விஷயம் வருகிறது. ஒரு காலத்தில் பிரஸ்ஸல்ஸில் இந்த மாதிரி ஆலைகள் நிறைய. ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்து, இவர்களும் தள்ளாடினார்கள். புளிப்புப் பீர் யாருக்கு வேணும்? வியாபாரி கமிஷன், லாரி வாடகை, பாட்டில் செலவு போக என்ன மிஞ்சும்? ழான் பியர் வான் ராய் என்ற முதலாளி 1978-ல் கதவைத் திறந்துவிட்டார். 'வாருங்கள், பாருங்கள், டிக்கெட் எடுங்கள், இங்கேயே குடியுங்கள்.' சரக்கு ஆளைத் தேடிப் போகாமல், ஆள் சரக்கைத் தேடி வந்தான். காய்ச்சினவனே கையில் ஊற்றிக் கொடுக்கிற கிளாஸில் நடுவில் நிற்கிற தரகன் கிடையாது. அந்த மார்ஜின்தான் சின்ன ஆலையின் உயிர்.

இப்போது அவர்களுக்கு வேறு எதிரி. குளிர்ந்த ராத்திரிகளில்தான் நல்ல ஈஸ்ட் வந்து விழும். வெக்கையில் வேண்டாத கிருமி வந்துவிடும். அதனால் குளிர் மாதங்களில் மட்டுமே காய்ச்சுகிறார்கள். 2015-ல் நவம்பர் ஆகியும் ராத்திரிகள் குளிராமல் வேலையை நிறுத்தி வைக்க வேண்டி வந்தது. வான் ராய் மகன் இப்போது வானிலை அறிக்கையைப் பார்த்துத்தான் அடுப்பு மூட்டுகிறார்.

நேர் எதிர்க் கதை சான்ஃபிரான்சிஸ்கோவில். 'ஆங்கர்' ஆலை 1896-லிருந்து இருந்தது. 1965-ல் மூடுகிற நிலைக்கு வந்தபோது, ஃபிரிட்ஸ் மேடாக் என்ற இளைஞர் சில ஆயிரம் டாலரில் 51 சதவீதத்தை வாங்கினார். வாஷிங் மெஷின் கம்பெனிக் குடும்பத்து வாரிசு. கழுவுவது ரத்தத்திலேயே ஊறியிருக்கும் போல. முதல் வேலையாக ஆலையின் சுத்தத்தைக் கவனித்தார். அமெரிக்காவின் அத்தனை சின்ன ஆலைக்காரர்களும் இவரைத்தான் குரு என்பார்கள். 2010-ல் அவர் விற்று ஒதுங்கினார். 2017-ல், பில்சன் கைமாறிய அதே வருஷம், இன்னொரு ஜப்பான் கம்பெனியான சப்போரோ ஆங்கரை வாங்கியது. லாரி லாரியாக மாநிலம் மாநிலமாகப் போய்க்கொண்டிருந்த பீர். 2023 ஜூனில், இனி கலிஃபோர்னியாவுக்கு வெளியே அனுப்புவதில்லை என்றார்கள். ஜூலையில் மூடுகிறோம் என்றார்கள். கொரோனா, விலைவாசி, போட்டி என்று காரணம். மாதச் சம்பளக்காரர்கள் திகைத்து நின்றார்கள். நாமே சேர்ந்து வாங்கலாமா என்றுகூடப் பார்த்தார்கள். கடைசியில் 2024-ல் அதை வாங்கியவர் ஹம்தி உலுகாயா. துருக்கியிலிருந்து போய் அமெரிக்காவில் தயிர் விற்றுக் கோடீஸ்வரரானவர். உறை ஊற்றத் தெரிந்தவர், பரவாயில்லை!

இவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு, மறுபடி பெங்களூரு. எடுத்த எடுப்பில் பெரிய மக் சொல்லாதீர்கள். குட்டிக் குட்டி கிளாஸில் நாலைந்து ரகம் ஒரு தட்டில் வைத்துத் தருவார்கள். லேசானதில் ஆரம்பித்துக் கறுப்பில் முடியுங்கள். 'எந்த டாங்க் புதுசா ஓப்பன் பண்ணீங்க?' என்று கேளுங்கள். கேட்கிற ஆளைப் பார்த்தால் காய்ச்சுகிறவர்களுக்கு ஒரு தனிப் பிரியம். டாங்க் பக்கம் கூட்டிப் போய்க்கூடக் காட்டுவார்கள். பைக் சாவியை ரூமிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஆட்டோக்காரர் மீட்டருக்கு மேல் கேட்பார், கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. ஞாயிறு ராத்திரி மடிவாளாவில் சென்னை பஸ் ஏறுகிறவர்கள் கடைசி கிளாஸை எட்டு மணிக்கே முடித்துக்கொள்வது உத்தமம். டிரைவர் அண்ணன் கிருஷ்ணகிரி தாண்டித்தான் நிறுத்துவார். ஓசூரிலேயே அவரிடம் போய்க் கெஞ்சின என் நண்பர் ஒருவர், மொத்த பஸ்ஸும் வேடிக்கை பார்க்க ரோட்டோரப் புளியமரத்துக்கு நடந்து போனார். திரும்பி வந்தபோது பின் சீட்டிலிருந்து கைதட்டல்.