வாங்குமுன் ஒரு நிமிடம் - 11: இருபதாயிரத்துக்குப் போனா, லேப்டாப்பா?

நரிக்குடியில் போன் வாங்கலாம், ரீசார்ஜ் பண்ணலாம், டெம்பர் கிளாஸ் ஒட்டலாம். லேப்டாப் வேண்டுமென்றால் அருப்புக்கோட்டைக்கோ மதுரைக்கோ பஸ் ஏற வேண்டும். வாங்கியது பழுதானாலும் அதே பஸ்தான். எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் இந்தத் தகவல் இருக்காது. ப்ராசசர், ரேம், கேமரா, பேட்டரி என்று வரிசை போட்டு டிக் அடித்து வைத்திருப்பார்கள். அந்த டிக்குகள் அண்ணாநகர்க்காரருக்கும் திருச்சுழிக்காரருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லும்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்து, கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்ட வீடுகளில் மே, ஜூன் மாதங்களில் ஒரு பஞ்சாயத்து நடக்கும். மிளகாய் போட்ட காசோ, நகையை வைத்து வாங்கிய காசோ, கையில் இருபதாயிரம் இருக்கிறது. பிள்ளை போன் கேட்கிறது. கல்லூரியில் லேப்டாப் இருந்தால் நல்லது என்கிறார்கள். இரண்டும் வாங்கக் காசு இல்லை. எதை வாங்குவது?

இதே கேள்வி 2011இல் அரசாங்கங்களுக்கும் வந்தது. மூன்று வார இடைவெளியில் இரண்டு அரசாங்கங்கள் நேர் எதிரான இரண்டு பதில்களைச் சொல்லின. செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில், திருவள்ளூருக்குப் பக்கத்தில் காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அக்டோபர் 5ஆம் தேதி டெல்லியில் மத்திய அமைச்சர் கபில் சிபல் 'ஆகாஷ்' என்ற டேப்லெட்டை வெளியிட்டார். அரசாங்கம் அதை வாங்கிய விலை 2,276 ரூபாய். உலகத்திலேயே மலிவான டேப்லெட் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. தமிழக அரசு நிறுவனமான எல்காட் வாங்கிய லேப்டாப்போ பத்தாயிரத்தைத் தாண்டியது. விலையை மட்டும் பார்த்தால் ஒரு லேப்டாப் காசில் நாலு ஆகாஷ் வாங்கிவிடலாம்.

உள்ளே இருந்ததைப் பார்த்தால் கணக்கு மாறும். ஆகாஷில் 366 மெகாஹெர்ட்ஸ் ப்ராசசர், 256 எம்பி ரேம், விரலை அழுத்தி நகர்த்த வேண்டிய பழைய ரகத் தொடுதிரை. வந்த வேகத்திலேயே அது பழசாகிவிட்டது. அடுத்த ஆண்டு நவம்பரிலேயே ஒரு கிகாஹெர்ட்ஸ் ப்ராசசரும் நல்ல தொடுதிரையுமாக ஆகாஷ் 2 வர வேண்டியதாயிற்று. லேப்டாப்பில் 2 ஜிபி ரேமும் 320 ஜிபி ஹார்டு டிஸ்க்கும் இருந்தன. அன்றைக்கே அது பெரிய வசதியில்லை. ஆனால் அதன் அடிப்பக்கத்தில் ஸ்க்ரூ இருந்தது. கழற்றலாம். ஒரு ரேம் வாங்கிச் செருகலாம். சுற்றும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் அதே மெஷின் இன்னும் சில வருஷம் ஓடும். ஆகாஷில் அப்படிச் செய்ய வழியே இல்லை. அரசாங்கம் கொடுத்ததில் எனக்குப் பிடித்த அம்சம் எது என்று கேட்டால் அந்த ஸ்க்ரூவைத்தான் சொல்வேன்.

இதற்கு நேர்மாறான கதை ஜியோபோனுடையது. 2017இல் வந்தது. திருப்பித் தரப்படும் டெபாசிட் என்று 1,500 ரூபாய் கட்டினால் பட்டன் போனில் 4ஜி. 512 எம்பி ரேம், 4 ஜிபி இடம், உள்ளே கைஓஎஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம். அடுத்த ஆண்டு வாட்ஸ்அப்பும் வந்தது. ஆடு மேய்க்கப் போகிறவர் கையிலும் வெளிநாட்டில் இருக்கும் மகனின் குரல் கேட்டது. 2024 ஜூனில் கைஓஎஸ்ஸில் புதிதாக வாட்ஸ்அப் இறக்குவதை நிறுத்தினார்கள். ஏற்கெனவே இருந்தவர்களுக்கும் கொஞ்ச மாதங்களில் நின்றுபோனது. பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை, பட்டன் தேயவில்லை. போன் நன்றாகத்தான் இருந்தது. எதற்காக வாங்கினார்களோ அது மட்டும் போய்விட்டது.

ஆகவே, விலைக்குப் பக்கத்தில் எழுத வேண்டிய முதல் விஷயம் ரேம் அல்ல; எத்தனை வருஷம் என்பதுதான். இருபதாயிரம் ரூபாய் போன் மூன்று வருஷம் ஓடினால் வருஷத்துக்கு ஆறாயிரத்துச் சொச்சம். ஆறு வருஷம் ஓடினால் அதில் பாதி. சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜி 2024 அக்டோபரில் 18,999 ரூபாய்க்கு வந்தபோது ஆறு வருஷத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் தருவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. அதே விலையில் வேறு கம்பெனிகள் இன்னும் வேகமான ப்ராசசர் கொடுத்தன. அப்டேட் மட்டும் அதைவிடக் குறைவு. கடையில் யாரும் அதைக் கேட்பதில்லை. கடைக்காரரும் சொல்வதில்லை.

அவர் சொல்வது இப்படி இருக்கும்.

“அண்ணே, இதுல ரேம் எம்புட்டு?”

“எட்டும் எட்டும் பதினாறு தம்பி.”

முதல் எட்டுதான் ரேம். இரண்டாவது எட்டு, படமும் பாட்டும் வைக்கிற இடத்திலிருந்து கடனாக எடுத்துக் காட்டுவது. அது ரேமைப் போல வேகமாக இயங்காது. இருக்கிற இடத்திலும் எட்டு ஜிபி குறையும். கேமராவில் 50 மெகாபிக்சல் என்று போட்டிருப்பதும் இந்த ரகம்தான். நாலு நாலு புள்ளியாகச் சேர்த்து, வழக்கமாக 12.5 மெகாபிக்சல் படம்தான் கைக்கு வரும். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. நாலு புள்ளி சேர்ந்தால் இருட்டில் படம் கொஞ்சம் தெளிவாக வரும். ஆனால் 50 என்ற எண்ணை வைத்து இரண்டு போனை ஒப்பிட்டால் ஒன்றும் புரியாது.

பேட்டரியில் நடக்கும் குளறுபடி இதைவிட சுவாரசியமானது. போன் பெட்டியில் 5,000 எம்ஏஎச் என்றிருக்கும். லேப்டாப் பேட்டரியைத் திருப்பிப் பார்த்தால் 3,600 எம்ஏஎச் என்றிருக்கும். போனில்தான் அதிகம் என்று தோன்றும். எம்ஏஎச்சை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால்தான் உண்மை வரும். போன் பேட்டரி 3.85 வோல்ட், கிட்டத்தட்ட 19 வாட்-அவர். லேப்டாப் பேட்டரி 11.4 வோல்ட், 41 வாட்-அவர். இரண்டு மடங்குக்கு மேல். அதே சமயம் லேப்டாப் தின்பதும் அதிகம். 41 வாட்-அவரை ஐந்தாறு மணி நேரத்தில் முடித்துவிடும். போன் 19ஐ வைத்து நாள் முழுக்க ஓட்டும். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. இன்னொன்று, லித்தியம் பேட்டரிக்கு 35 டிகிரிக்கு மேல் ஆகாது என்று கம்பெனிகளே கையேட்டில் எழுதுகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் நம் பக்கம் பகல் 35க்குக் கீழே இருப்பது அபூர்வம். தகரக் கொட்டகைக்குள் சார்ஜ் போட்டுவிட்டு வயலுக்குப் போகிறவர்கள், இரண்டு வருஷத்திலேயே பேட்டரி உப்பிவிட்டதே என்று கம்பெனியைத் திட்டுவதில் பாதிதான் நியாயம்.

இப்போது லேப்டாப்பைப் பார்ப்போம். இருபதாயிரத்துக்குள் புது லேப்டாப் கிடைக்காதா? கிடைக்கும். 2023இல் ஜியோபுக் 16,499 ரூபாய்க்கு வந்தது. ஒரு கிலோகூட இல்லை, 990 கிராம். 11.6 அங்குலத் திரை, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி. உள்ளே ஓடுவது மீடியாடெக் எம்டி8788, சாதாரண டேப்லெட்டுகளில் வரும் சிப். அதாவது விசைப்பலகை மாட்டிய டேப்லெட். கட்டுரை டைப் அடிக்க, வகுப்புப் பார்க்க அது போதும். டேலி படிக்கிற பி.காம் பிள்ளைக்கு அதனால் பிரயோசனம் இல்லை. டேலிக்கு விண்டோஸ் வேண்டும்.

விண்டோஸோடு வரும் மலிவு லேப்டாப்புகளில் செலரான் ப்ராசசரும் இஎம்எம்சியும் இருக்கும். பெட்டியில் '128 ஜிபி ஸ்டோரேஜ்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது எஸ்எஸ்டியா, இஎம்எம்சியா என்று கேட்காமல் பணத்தைக் கொடுக்கக் கூடாது. இஎம்எம்சி விநாடிக்கு 250 எம்பி படிக்கும். பழைய சாட்டா எஸ்எஸ்டியே ஐந்நூறைத் தாண்டும், இப்போதைய என்விஎம்இ இரண்டாயிரத்தையும் தாண்டும். வேகம் போகட்டும். இஎம்எம்சி போர்டோடு வைத்து ஈயப்பற்று போட்டது. போனால் போர்டே போச்சு. 128 என்று எழுதியிருப்பதை விண்டோஸ் 119 என்று காட்டும். அது திருட்டு இல்லை, கம்பெனி ஆயிரத்தால் எண்ணுகிறது, விண்டோஸ் 1,024ஆல் எண்ணுகிறது. அந்த 119லும் விண்டோஸே ஒரு பங்கைத் தனக்கு எடுத்துக்கொள்ளும்.

ஆக, இருபதாயிரத்துக்குப் புது போன் நல்லதாகவே கிடைக்கும். புது லேப்டாப் நல்லதாகக் கிடைக்காது. போனில் அந்த விலை நடுத்தரம். லேப்டாப்பில் அது கடைசிப் படி. அதனால் பலர் போனையே வாங்கிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே காசுக்கு மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. என் ஓட்டு அதற்குத்தான்.

பெங்களூர், சென்னை ஐடி கம்பெனிகள் மூன்று நான்கு வருஷம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் லேப்டாப்புகள் மதுரைக் கடைகளுக்கும் சென்னை ரிச்சி தெருவுக்கும் வருகின்றன. லெனோவோ திங்க்பேட், டெல் லேட்டிட்யூட், ஹெச்பி எலைட்புக் என்று பெயர் இருக்கும். புதிதாக வாங்கியபோது அரை லட்சத்துக்கு மேல் விலைபோனவை. அலுவலகத்துக்கென்று செய்ததால் கீல் உறுதி, கீபோர்டு உறுதி. முக்கியமாக, பெரும்பாலான மாடல்களில் அடிமூடியைக் கழற்றி எஸ்எஸ்டியை மாற்றலாம், பல மாடல்களில் ரேமும் மாற்றலாம். 2011 லேப்டாப்பில் இருந்த அதே ஸ்க்ரூ.

ஆனால் சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல இதில் மாடல் எண்ணைப் பார்க்க வேண்டும். ஐ5-7200யூ என்றால் ஏழாம் தலைமுறை. ஐ5-8250யூ என்றால் எட்டாம் தலைமுறை. இடையில் ஒரு வருஷம்தான் வித்தியாசம், ஆனால் முன்னதில் இரண்டு கோர், பின்னதில் நான்கு. அதைவிடப் பெரிய வித்தியாசம் மைக்ரோசாஃப்ட் போட்ட கோடு. விண்டோஸ் 11க்கு எட்டாம் தலைமுறை முதல்தான் அனுமதி, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இருக்க வேண்டும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்தது. அதனால்தான் ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்கள் இப்போது குவியலாக, கொள்ளை மலிவாக வருகின்றன. “ஐ5 லேப்டாப் வெறும் பத்தாயிரம்” என்ற விளம்பரத்தில் அந்த ஏழு எங்காவது பொடி எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. சிலர் அதிலேயே விண்டோஸ் 11ஐ ஏதோ செய்து ஏற்றித் தருகிறார்கள். பின்னால் அப்டேட் நின்றால் கேட்க ஆளில்லை.

லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தெரிந்த வீடானால் ஏழாம் தலைமுறையும் குறைந்த காசில் நல்ல பேரம்தான். லிப்ரே ஆபீஸ், தமிழ்99, பைத்தான் எல்லாம் ஓடும். சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், அரசு லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே வந்தது. எத்தனை பிள்ளைகள் அதைத் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு கதை.

விலை இறங்கட்டும், தீபாவளி ஆஃபரில் பார்க்கலாம் என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு கெட்ட செய்தி. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் செய்து கொடுப்பதில்தான் லாபம் என்று கம்பெனிகள் திரும்பியதில், 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறியது. மைக்ரான் தன்னுடைய க்ரூஷியல் என்ற சில்லறை வியாபாரத்தையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஜிஎஸ்டியும் கைகொடுக்கவில்லை: அந்த ஆண்டு செப்டம்பர் 22 முதல் பெரிய டிவிக்கும் ஏசிக்கும் 28 சதவீதம் 18 ஆனது, போனும் லேப்டாப்பும் ஏற்கெனவே 18இல் இருந்தன, அங்கேயே நின்றுவிட்டன. “இப்ப 4 ஜிபி போதும், அப்புறம் சேத்துக்கலாம்” என்ற பழைய உத்தி இனிச் செல்லாது. முதலிலேயே 8 ஜிபி.

அரசு கல்லூரியில் சேரும் பிள்ளையானால் இவ்வளவு அலைச்சலுக்குமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025 மார்ச் தமிழக பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப் என்ற அறிவிப்பைப் படித்தவர் அப்போதைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு. நரிக்குடி அடங்கிய திருச்சுழி தொகுதியிலிருந்து போனவர்தான். கடைசியில் எல்காட் டெண்டர் கேட்டது டேப் இல்லை, லேப்டாப். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. கடையில் இருபதாயிரத்துக்குக் கிடைக்கும் புது லேப்டாப்பைவிட இது மேல். அந்தத் திட்டத்தின் பட்டியலில் பிள்ளையின் பெயர் வருமா என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிட்டு, வரும் என்றால் இருபதாயிரத்தைப் போனில் போடலாம். அதிலும் பாதியில் முடித்துக்கொள்ளலாம்.

வராது என்றால் பழைய லேப்டாப்தான். மதுரைக்குப் போகும்போது விவரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். கடையிலேயே சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள்: புதிதில் எவ்வளவு கொள்ளும், இப்போது முழு சார்ஜில் எவ்வளவு கொள்கிறது என்று இரண்டு எண் வரும்; இரண்டாவது, முதலில் பாதிக்குக் கீழே இருந்தால் பேட்டரி காசைக் கழித்துப் பேசுங்கள். பயாஸில் பாஸ்வேர்டு இருக்கிறதா, பழைய கம்பெனியின் பூட்டு இன்னும் இருக்கிறதா என்று இன்டர்நெட் கொடுத்து, விண்டோஸைப் புதிதாக ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பூட்டு இருந்தால் அந்தக் கம்பெனி பெயர் திரையில் வந்து நிற்கும். வாரண்டியை வாயால் சொன்னால் போதாது. சீரியல் நம்பரோடு பில்லில் எழுதி வாங்க வேண்டும். பில் தர மாட்டேன், ஐந்நூறு குறைத்துக்கொள்கிறேன் என்றால் அடுத்த கடைக்கு நடந்துவிடுங்கள்.

(தொடரும்)