பருவுக்குப் பூசும் மருந்து ஏன் பாதியில் நிற்கிறது?

முகப்பருவுக்குக் கொடுத்த மருந்து வேலை செய்யவில்லை என்று பிள்ளையைத் திரும்பக் கூட்டிவரும் பெற்றோரிடம், அந்த ரியூப்பையும் கொண்டுவரச் சொல்வது என் வழக்கம். மூன்று மாதத்துக்கு முன் வாங்கியதில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். “சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போனன் டொக்டர், இவனுக்கு அக்கறை இல்லை” என்பார் தாய். அக்கறை இல்லாத பிள்ளை, முகத்தை நினைத்து வெட்கப்பட்டுக் கலியாண வீட்டுக்குக்கூட வராமல் அறைக்குள் இருக்கமாட்டான்.

பரு மருந்து பொறுமையைச் சோதிப்பது. பென்சோயில் பெரொக்சைட்டு, அடப்பலீன் போன்ற பூச்சு மருந்துகள் பலன் காட்ட 8 முதல் 12 வாரங்கள் ஆகும். முதல் வாரங்களில் தோல் காயும், எரியும். சிலருக்குப் பரு கூடியதுபோலவும் இருக்கும். பல நாடுகளில் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வொன்றில், பரு நோயாளரில் ஏறத்தாழப் பாதிப்பேர் சிகிச்சையைச் சரிவரப் பின்பற்றவில்லை. ஆகவே இது உங்கள் பிள்ளைக்கு மட்டும் உள்ள குறையல்ல.

ஏடிஎச்டி எனப்படும் அவதானக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு இது இன்னும் கடினம். மருந்து பூசவேண்டும் என்பது அவனுக்குத் தெரியும், விருப்பமும் உண்டு. பூசவேண்டிய நேரத்தில் அது நினைவுக்கு வராது. மூன்று மாதம் கழித்து வரும் பலனைவிடக் கையிலுள்ள போன் வலுவாக இழுக்கும். துள்ளித் திரியாமல் கனவு கண்டபடி இருக்கும் பெண்பிள்ளைகளில் இக்குறைபாடு பலகாலம் கண்டுபிடிக்கப்படாமலே போவதுண்டு.

ஆனால் கவனம் சிதறுவதெல்லாம் ஏடிஎச்டி அல்ல. அதன் அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, வீடு, பாடசாலை என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரியவேண்டும். நன்றாகப் படித்த பிள்ளை 14 வயதில் திடீரென்று மாறினால் வேறு காரணம் தேடவேண்டும். வடகிழக்குத் தமிழ்ப் பாடசாலை மாணவர் 420 பேரிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வில், நான்கில் ஒருவருக்கு போர் அனுபவங்களால் வந்த மனவடு நோய் இருந்தது. அவர்களின் ஞாபகசக்தியும் படிப்பும் பாதிக்கப்பட்டிருந்தன. ஷெல் சத்தம் கேளாமல் வளர்ந்த இன்றைய பிள்ளைகளையும் வீட்டுக்குள் இருக்கும் இழப்பு, குடி, சண்டை, நித்திரையின்மை ஆகியவை பாதிக்கலாம். பருவால் வரும் மனச்சோர்வும் கவனத்தைக் குலைக்கும்.

ஏச்சைவிட ஒழுங்கு உதவும். மருந்தை அலுமாரிக்குள் வைக்காமல் பல் தூரிகைக்குப் பக்கத்தில் வையுங்கள். இரவு பல் தீட்டியதும் முகம் கழுவி, ஈரம் உலர்ந்தபின் பூசட்டும். நாளுக்கு ஒரு தடவை பூசும் மருந்தைத் தரமுடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். எரிந்தால் நிறுத்தாமல் ஒன்றுவிட்ட ஒரு நாள் பூசலாமா என்றும் கேளுங்கள். பருவின் மேல் மட்டும் அல்ல, பரு வரும் பகுதி முழுவதும் மெல்லியதாகப் பூசவேண்டும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்தால், கண்ணாடியில் தெரியாத மாற்றம் தெரியும். டொக்சிசைக்கிளின் குளிசை எடுப்பவர் நிறையத் தண்ணீருடன் விழுங்கி, உடனே படுக்காமல் இருக்கவேண்டும். அது வெயிலைத் தாங்கவிடாது என்பதால் ரியூசனுக்குச் சைக்கிளில் போகும்போது தொப்பி அவசியம்.

பொறுமை இழந்தவர்கள் முகம் வெளுக்கும் கிறீம்களுக்குப் போவதே பெரிய ஆபத்து. அவற்றில் ஸ்டீரொயிட் கலந்திருந்தால் முதலில் முகம் பளிச்சிடும். பின்னர் தோல் மெலிந்து, பரு முன்னையைவிட மோசமாகத் திரும்பும்.

படிப்பு, நித்திரை, நட்பு எல்லாமே குழம்பியிருந்தால், தோல் கிளினிக்கிலேயே அதையும் சொல்லுங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். பூசத் தவறிய நாளைப் பற்றி வீட்டில் வழக்கு வைக்கவேண்டாம். மறுநாள் இரவு பூசினால் சிகிச்சை தொடர்கிறது என்றுதான் அர்த்தம்.