நிச்சய மோதிரம் வாங்கப் போறீங்களா? 2 கிராமுக்குக் கீழே முத்திரை கட்டாயம் இல்லை!

குருபரப்பள்ளி—

"மெலிசா ஒரு மோதிரம் காட்டுங்கண்ணே. நிச்சயத்துக்கு. ஒன்றரை கிராமுக்குள்ள இருந்தா போதும்."

இன்று நகைக் கடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. காரணம் தங்கத்தின் விலை. 2025-ம் ஆண்டில் ஒரு பவுன் 90 ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. கம்பெனிச் சம்பளத்தில் கல்யாணம் முடிக்கிறவர்கள் பவுன் கணக்கை விட்டு, கிராம் கணக்குக்கு இறங்கி விட்டார்கள்.

ஆனால் அந்த ஒன்றரை கிராமில்தான் சிக்கல்!

சட்டம் சொல்வது என்ன?

தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரை 2021 ஜூன் 16 முதல் மாவட்டம் மாவட்டமாகக் கட்டாயம் ஆக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் 6 இலக்க எண்ணும் கட்டாயம். ஆனால் 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு விலக்கு உண்டு. ஆண்டு வியாபாரம் 40 லட்ச ரூபாய்க்குள் உள்ள சிறு கடைகளுக்கும் 2021 உத்தரவிலேயே விலக்கு கொடுத்தார்கள்.

அதாவது, காசு குறைவு என்று மெல்லிய மோதிரம் கேட்கிற ஏழைக்கு முத்திரைப் பாதுகாப்பு இல்லாமல் போக வாய்ப்பு இருக்கிறது. 5 கிராம் வாங்குகிற வசதிக்காரருக்கு அது உண்டு!

முத்திரையில் 3 அடையாளம்

மோதிரத்தின் உள்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். கடையிலேயே கேட்டால் கொடுப்பார்கள். அங்கே இருக்க வேண்டியவை:

ஒன்று, பி.ஐ.எஸ். முக்கோண முத்திரை. இரண்டு, '22கே916' என்ற மாற்று. ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் என்று அர்த்தம். மூன்று, எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க அடையாள எண்.

அந்த எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் நகையின் விவரம் செல்போனில் வந்துவிடும். கடையை விட்டு இறங்குவதற்கு முன்பே பார்த்து விடலாம்.

முத்திரை போட்ட நகையில் மாற்று குறைந்தால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல 2 மடங்கும், சோதனைக் கட்டணமும் வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும். இது 2018-ம் ஆண்டு விதி.

முத்திரை இல்லாத நகையையும் அங்கீகாரம் பெற்ற மையத்தில் கொடுத்துச் சோதிக்கலாம். 2022-ல் அறிவித்த கட்டணம் 4 நகை வரை 200 ரூபாய்.

சேதாரம் ஜாக்கிரதை!

4 கிராம் மோதிரத்துக்கு 15 சதவீதம் சேதாரம் என்றால், கையில் வராத 600 மில்லி கிராம் தங்கத்துக்கும் காசு கட்டுகிறோம். சேதார சதவீதம் கடைக்குக் கடை மாறும். பேசினால் குறையும்.

கல் வைத்த மோதிரம் என்றால் கல்லின் எடையைக் கழித்துத்தான் தங்கத்துக்கு விலை போட வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடிக் கல்லுக்குத் தங்கத்தின் விலை கொடுத்ததாகி விடும்!

எல்லை தாண்டும் சம்பந்தம்

குருபரப்பள்ளி பக்கம் மூன்று பாஷையும் புழங்கும். மோதிரம் என்பதைத் தெலுங்குக்காரர் 'உங்கரம்' என்பார். கன்னடக்காரர் 'உங்குர' என்பார். பெங்களூர் சிக்பேட்டைக்குப் போய் நகை எடுத்து வருகிறவர்களும் உண்டு. முத்திரை இரண்டு மாநிலத்துக்கும் ஒன்றுதான். ஆனால் பழுது, அளவு மாற்றம் என்றால் மறுபடியும் அத்தனை தூரம் அலைய வேண்டும்.

இத்தனைக்கும் நகைத் தொழிற்சாலை பக்கத்திலேயே இருக்கிறது. 1984-ல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் நிறுவனம், கடிகாரத்தோடு நகையும் ஓசூரில் செய்கிறது.

மெஷினுக்கு முன்னால் கழற்று!

இன்னொரு ஆபத்து. சிப்காட்டில் லேத், பிரஸ் ஓட்டுகிற மாப்பிள்ளை மோதிரத்தோடு ஷிப்டுக்குப் போகக் கூடாது. சுழலும் பாகத்தில் மோதிரம் மாட்டினால் விரலின் தோலையே உரித்துக் கொண்டு போய்விடும். விரலே போனாலும் போகும்.

எனவே தினமும் கழற்றி மாட்டுகிற அளவில் மோதிரம் இருக்க வேண்டும். வெயிலில் விரல் வீங்கும், குளிரில் சுருங்கும். விடிகாலையில் அளவு எடுத்தால், மதிய நிச்சய மேடையில் மோதிரம் மூட்டைத் தாண்டாது. மாமனார் வீட்டார் முன்னால் சோப்பு நுரை தேட வேண்டி வரும்! பகலில் அளவு எடுங்கள். மூட்டையும் சேர்த்து அளந்து கொள்ளுங்கள்.

பில் எங்கே?

கடைசியாக ஒன்று. நகையின் பெயர், நிகர எடை, மாற்று, முத்திரைக் கட்டணம் ஆகியவை எழுதிய பில் வாங்க வேண்டும். 2 கிராமுக்குக் குறைந்த மோதிரம் என்றால் 'மாற்று 916' என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். முத்திரை இல்லாத இடத்தில் அந்தத் துண்டுச் சீட்டுதான் சாட்சி.

மோதிரம் மாற்றும்போது ஊரே கை தட்டும். பின்னால் அதே மோதிரம் அடகுக் கடைக்குப் போகும்போதுதான் மாற்று என்ன என்று கேட்பார்கள். அப்போது தலை குனியாமல் இருக்க வேண்டுமானால், வாங்குகிற அன்றைக்கே கேட்டுவிட வேண்டும்!